அடிபட்ட தெருநாயின் ஆபரேஷனுக்கு 35,000 ரூபாய்: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி இது: திருச்சியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 18,000. மூன்று நாள் முன்பு பால்பண்ணை பக்கம் ஆட்டோ மோதிக் கிடந்த ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியார் கிளினிக்கில் சேர்த்தேன். தூக்கும்போது கையில் லேசாகப் பல் பட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. நாய்க்கு இடுப்பெலும்பும் ஒரு பின்னங்காலின் தொடை எலும்பும் முறிந்திருக்கிறதாம். மொத்தம் 35,000 ஆகும் என்கிறார்கள். ஸ்டேட்டஸ் போட்டேன், 1,200 வந்தது. மீதிக்கு என்ன செய்வது?

தம்பி, பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். அந்தப் "பெரிதாக ஒன்றுமில்லை"யை முதலில் முடித்துவிடுவோம். பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். கழுவிவிட்டு இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே காசு கிடையாது. மூன்று நாள் ஓடிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், தாமதமானாலும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரத்தம் வந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் தேவைப்படலாம். கிளினிக்கில் நாயைக் கையாளும் பையன்களிடமும் "இது என்னைக் கடித்தது" என்று சொல்லிவிடுங்கள். பத்து நாள் அதன்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். வலியில் இருக்கும் நாய் தூக்குகிறவரைக் கடிப்பது சகஜம், அநேகமாக அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் இந்த ஒரு நோயில் அநேகமாக என்பதை நம்பிக்கொண்டு உட்கார முடியாது.

சரி, இப்போது பணம்.

நான் தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். பகலில் ஊரார் கணக்கு, சாயங்காலம் நாய் பூனைக் கணக்கு என்று பதினோரு வருடம் ஓடிவிட்டது. அதனால் என் பதிலில் உருக்கத்தைவிடக் கணக்குதான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

35,000 என்று வாயால் சொன்ன தொகைக்குப் பணம் திரட்டக் கிளம்பாதீர்கள். டாக்டரிடம் பணிவாகக் கேட்டு அதைத் தாளில் பிரித்து வாங்குங்கள்: எக்ஸ்ரே எவ்வளவு, ரத்தப் பரிசோதனை எவ்வளவு, மயக்க மருந்து, எலும்பை இணைக்கும் பிளேட் ஸ்குரூ, ஆபரேஷன் கட்டணம், உள்ளே எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு. எனக்கு ஒருமுறை வந்த 32,000 எஸ்டிமேட்டில் 9,000 வெறும் வார்டு வாடகை. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளே என் மொட்டைமாடி அறைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், டிரெஸ்ஸிங்குக்கு மட்டும் அழைத்து வருகிறேன் என்றேன். டாக்டர் சம்மதித்தார். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. கேட்காதவர்களுக்கு முழுப் பேக்கேஜாகச் சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பிரித்து வாங்கியதும் அந்தத் தாளையும் எக்ஸ்ரேயையும் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் நாய்க்கு முறிவு இரண்டு இடத்தில். இடுப்பெலும்பு முறிவில் நிறைய கேஸ்கள் கத்தி வைக்காமலே கூடிவிடும். சின்னக் கூண்டில் ஓடவிடாமல், குதிக்கவிடாமல் ஆறு வாரம் அடைத்து வைத்தால் போதும் என்பார்கள். தொடை எலும்பு சேருகிற கிண்ணம் உடைந்திருந்தாலோ, மலம் போகும் வழி நெருக்கப்பட்டிருந்தாலோதான் பேச்சு வேறு. தொடை எலும்பு அப்படியில்லை. அந்த உயரத்தில் மாவுக்கட்டு நிற்காது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். அங்கேயும் பிளேட்டா, எலும்புக்குள் செருகும் கம்பி மட்டும் போதுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. முறிவு எப்படி என்பதைப் பொறுத்து டாக்டர் சொல்வார், கம்பி என்றால் பெரும்பாலும் செலவு குறையும். காலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே பதறவும் வேண்டாம். மூன்று காலில் நாய் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்காதவர்கள்தான் அதற்குப் பயப்படுவார்கள். ஆனால் இடுப்பும் உடைந்திருக்கிற நாய்க்கு அது சரிவருமா என்பது டாக்டர் மட்டுமே சொல்லக்கூடியது.

இரண்டாவது டாக்டர் என்றதும் இன்னொரு தனியார் கிளினிக்கை நினைக்காதீர்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளோடு மருத்துவமனையும் இருக்கிறது. 1903-லிருந்து இருக்கிற சென்னை வேப்பேரி கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். நமக்கு நாமக்கல்லும் ஒரத்தநாடும் பக்கம், எதுவானாலும் இரண்டு மணி நேரப் பயணம். மாணவர்கள் கற்கிற இடம் என்பதால் கூட்டமும் காத்திருப்பும் உண்டு, கட்டணம் தனியாரைவிட வெகுவாகக் குறையும். போவதற்கு முன் போன் செய்து எலும்பு ஆபரேஷன் எந்தக் கிழமை, பிளேட்டை நாம் வாங்கிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார் வாடகை, உடன் போகிற ஆளுக்கு ஒருநாள் லீவு, இதெல்லாம் சேர்த்தும் லாபமா என்று பாருங்கள். பல நேரம் லாபம்தான். ஒன்று மட்டும்: வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. தசை இறுகிவிடும், எலும்பு கோணலாகவே கூட ஆரம்பித்துவிடும்.

இங்கே ஒரு சின்ன விலகல். நிறைய பேர் பணமே திரட்டத் தேவையில்லாத கேஸுக்குப் பணம் திரட்டுகிறார்கள். புழு வைத்த காயத்தைப் பார்த்தால் வயிறு புரளும், ஆனால் மருந்து மலிவு. ஸ்பிரேயும் பொறுமையும் இருந்தால் தெருவில் வைத்தே ஆற்றிவிடலாம். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்டர் எழுதும் டாக்ஸிசைக்ளின் மனிதர்கள் சாப்பிடுகிற அதே மருந்துதான், மக்கள் மருந்தகத்திலேயே கிடைக்கும். கிட்டத்தட்ட நான்கு வாரம் விடாமல் கொடுப்பதுதான் கஷ்டம். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ரத்தம் கசிகிற கட்டியைப் பார்த்துக் "கேன்சராம், லட்சக்கணக்கில் ஆகும்" என்று ஒரு பதிவு போன வருடம் சுற்றிவந்தது. நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் அந்தக் கட்டி, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடுகிற ஒன்று. இப்படி அநாவசியமாகக் கேட்டுக் கேட்டு ஊர் மனதைக் கரைத்துவிட்டால், நிஜமாகவே பணம் தின்கிற கேஸ் வரும்போது பை காலியாக இருக்கும். பார்வோ என்ற வைரஸ் வயிற்றுப்போக்கு வந்த குட்டிக்கு ஐந்து ஏழு நாள் டிரிப்ஸ், தொடை எலும்பு ஆபரேஷன், பூனைக்கு வரும் எஃப்ஐபி என்ற வைரஸ் நோய் என்று அந்தப் பட்டியல் வேறு. எஃப்ஐபிக்கு வழக்கமாக 84 நாள் தினமும் மருந்து, நடுவில் பணம் தீர்ந்துவிட்டது என்று நிறுத்தினால் நோய் திரும்பிவரலாம்.

சரி, உங்கள் எஸ்டிமேட் குறைந்து 24,000-த்தில் வந்து நின்றது என்று வைத்துக்கொள்வோம். இனி கேட்பது.

என் அம்மாவுக்குப் பேராவூரணிப் பக்கம். அங்கேயும் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை. ஐம்பது ரூபாய் வைத்தவரின் பெயரும் அதில் இருக்கும், ஐம்பதாயிரம் வைத்தவரின் பெயரும் இருக்கும். எழுதாத மொய்யைப் பற்றி அங்கே யாரும் பேசவே மாட்டார்கள், அது வந்ததாகவே கணக்கில்லை. பேங்குக்குப் போகாமலே கடை வைத்தார்கள், போர்வெல் போட்டார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். எல்லாம் அந்த நோட்டை நம்பி.

நான் நாய்களுக்குப் பணம் வாங்குவதும் அப்படி ஒரு நோட்டில்தான். நூறு பக்க நோட்டு, ஒரு நாய்க்கு ஒரு பக்கம். இடதுபுறம் வரவு, வலதுபுறம் செலவு, பில் எண். கல்யாண மொய்யைத் திருப்பிச் செய்யலாம், நாய்க்கு வந்த மொய்யை நாய் எப்படித் திருப்பும்? சேதியாகத்தான் திருப்ப முடியும். இருநூறு ரூபாய் போட்டவருக்கு ஆபரேஷன் முடிந்த அன்று ஒரு போட்டோ, தையல் பிரித்த அன்று ஒன்று, முதல்முறை நான்கு காலும் ஊன்றிய அன்று பத்து நொடி வீடியோ. தனித்தனியாக, பெயர் சொல்லி. அடுத்த நாய்க்கு நான் கேட்கும் முன்பே "அக்கா, ஏதாவது கேஸ் இருக்கா?" என்று கேட்கிற ஆட்கள் எனக்குக் கிட்டத்தட்ட நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றால், இந்த மூன்று படத்தினால்தான்.

ஸ்டேட்டஸில் 1,200 வந்தது என்கிறீர்கள். அதற்கு மேல் வராது. ஸ்டேட்டஸைப் பார்க்கிற ஒவ்வொருவரும் வேறு யாரோ போடுவார்கள் என்று நகர்ந்துவிடுவார்கள். நான் செய்வது, போனில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழே ஓட்டி, இவர் தருவார் என்று தோன்றுகிறவர்களை எழுதிக்கொள்வது. 24,000-த்தில் உங்கள் பணம் 3,000, வந்தது 1,200, போக 19,800. ஆளுக்கு 200 என்றால் 99 பேர். 99 பேரா என்று மலைப்பாக இருக்கும். பள்ளிக்கூட நண்பர்கள், ஆபீஸ், அம்மாவின் கோயில் குழு, அந்தத் தெருவிலேயே அந்த நாய்க்குச் சோறு வைத்த வீடு என்று பிரித்தால் ஆறேழு பேர் ஆளுக்குப் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்கும் வேலையாகிவிடும். அந்தத் தெருவை மறந்துவிடாதீர்கள். நாய் அடிபட்ட இடத்தில் டீக்கடை, மெக்கானிக் ஷெட், ஆட்டோ ஸ்டாண்ட் ஏதாவது இருக்கும், அங்கே அதற்கு ஒரு பெயரும் இருக்கும். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒருமுறை பிஸ்கட் போடுகிற டீ மாஸ்டர் ஒருவர் கல்லாவிலிருந்து 500 எடுத்துக் கொடுத்தார், நோட்டில் பெயர் எழுதச் சொன்னபோது வெட்கப்பட்டார்.

தனியாக அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம். இது கிட்டத்தட்ட நான் அனுப்புவதுதான்:

"பால்பண்ணை சர்வீஸ் ரோட்டில் திங்கள் இரவு ஆட்டோ மோதிய நாய். பெண், இரண்டு வயது இருக்கும். பின்னங்கால் தொடை எலும்பு முறிந்திருக்கிறது, எக்ஸ்ரேயும் டாக்டர் தந்த எஸ்டிமேட்டும் கீழே. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. மொத்தம் 24,000. நான் 3,000 போட்டிருக்கிறேன், 1,200 வந்திருக்கிறது, இன்னும் வேண்டியது 19,800. முடிந்தால் 200 போடுங்கள். நேராகக் கிளினிக்கின் க்யூஆருக்கே அனுப்பலாம், குறிப்பில் 'பால்பண்ணை நாய்' என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட் எனக்கு அனுப்புங்கள். மீதமானால் இதே நாயின் போர்டிங் (தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் கட்டணம்), கருத்தடைக்குப் போகும். நாய் பிழைக்காவிட்டால் கேட்பவர்களுக்குத் திருப்பித் தருவேன், மற்றவர்கள் பணம் அதே கிளினிக்கில் அடுத்த அடிபட்ட நாய்க்கு இருக்கும். ஞாயிறு இரவு கணக்கு அனுப்புவேன்."

இதில் "ப்ளீஸ் ப்ளீஸ்" கிடையாது, "உங்களுக்கு மனசாட்சி இருந்தால்" கிடையாது, கடவுள் மன்னிக்க மாட்டார் கிடையாது. ரத்தப் படமும் வேண்டாம். அந்தப் படங்களை இன்ஸ்டாகிராமே திரை போட்டு மூடிவிடும், வாட்ஸ்அப்பில் சாப்பிடுகிற நேரத்தில் திறந்தவர் உங்களைத் திட்டிக்கொண்டே மூடுவார். எனக்கு அதிகம் பணம் கொண்டுவந்த படம், ஒரு எக்ஸ்ரேயும் அதன் பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கிய ஒரு செவலை நாயும்தான். எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டு துண்டாக இருப்பது எல்லோருக்கும் புரிகிறது, விளக்கவே வேண்டியதில்லை.

நேரமும் பாருங்கள். மாதம் 1-ஆம் தேதியிலிருந்து 7-க்குள் கேட்பதும் 25-க்கு மேல் கேட்பதும் ஒன்றல்ல. தேய்பிறை அஷ்டமி அன்று பைரவர் சன்னதிக்குப் போகிறவர்கள் நாய்க்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற நினைப்போடு இருப்பார்கள், காலையிலேயே அனுப்பிவிடுங்கள். அப்பாவின் திதிக்கு அன்னதானத்தோடு ஒரு நாயின் ஒருநாள் மருந்தையும் ஏற்றுக்கொள்கிற குடும்பங்கள் எனக்குத் தெரிந்து மூன்று இருக்கின்றன. இது பக்தியைப் பயன்படுத்திக்கொள்வதாகாதா என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரிடம் ஒருமுறைக்கு மேல் கேட்பதுதான் எனக்குத் தப்பாகத் தெரிகிறது. பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் வீட்டில் என்ன நிலைமையோ.

பணமாகத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. வண்டி வைத்திருப்பவர் ஒருநாள் ஒரத்தநாடு வரை ஓட்டினால் அது இரண்டாயிரம் மூவாயிரத்துக்குச் சமம். கூண்டு இரவல், பழைய பெட்ஷீட், நியூஸ்பேப்பர், தங்கள் நாய் இறந்தபின் பிரிக்காமல் மிச்சமிருக்கும் மருந்து அட்டைகள் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். மருந்து அட்டையில் தேதி பார்த்து, டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

இப்போது நான் அசிங்கப்பட்ட கதை. 2019-ல் பாலக்கரையில் ஒரு குட்டி, பார்வோ. 12,000 வேண்டும் என்று கேட்டேன். நானும் அனுப்பிக்கொண்டே இருந்தேன், பணமும் வந்துகொண்டே இருந்தது, போதும் என்று சொல்லத் தோன்றவில்லை. 16,400 சேர்ந்தது. குட்டி இரண்டாம் நாள் இரவு போய்விட்டது. பில் 3,850. மீதி 12,550 என் கணக்கில். குட்டி செத்துவிட்டது என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை, பணம் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்களே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த இரண்டு மாதம் வந்த நாய்களுக்கெல்லாம் அந்தப் பணத்தில்தான் செலவு செய்தேன். 2,000 கொடுத்திருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்து, "அந்தக் குட்டி நல்லா இருக்காம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். வீட்டுக்கு வந்து பில்களை எடுத்துக் கூட்டினால் 8,200-க்குத்தான் காகிதம் இருக்கிறது. 4,350-க்கு இல்லை. நாய்க்குத்தான் போனது என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்பதை யாரிடம் காட்டுவது? பகல் முழுக்க அடுத்தவரின் வவுச்சரில் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புகிறவள் நான். அந்த 4,350-ஐச் சம்பளத்திலிருந்து போட்டு, எல்லோருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். இரண்டு பேர் அதன்பிறகு என்னிடம் பேசுவதில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. மீதமானால் என்ன, செத்தால் என்ன என்பதை முதல் செய்தியிலேயே எழுதச் சொன்னேனே, அது இங்கிருந்து வந்தது. தொகை சேர்ந்த நிமிடமே "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று போடுவதும் அப்படித்தான்.

பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். முடிந்தவரை கிளினிக் கணக்குக்கே போகட்டும். உங்கள் கணக்கில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் சம்பளக் கணக்கில் வாங்காதீர்கள், தனியாக ஒரு கணக்கு வையுங்கள். மோசடிப் பணம் யார் யார் கணக்கு வழியாகவோ சுற்றி, உங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய 500 ரூபாயாக வந்து சேரலாம். சைபர் கிரைம் புகாரில் அந்த இழை உங்கள் கணக்கைத் தொட்டால் பேங்க் கணக்கை முடக்கலாம். சம்பளம் அதில் மாட்டிக்கொண்டால் வாடகைக்கு என்ன செய்வீர்கள்?

அப்புறம் வரி. ஒரு நிதியாண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து சும்மா வருகிற பணம் எல்லாம் சேர்த்து 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத்தொகையும் உங்கள் வருமானமாகப் பார்க்கப்படும். ஒரு நாய்க்கு இந்தப் பிரச்சினை வராது, வருடத்தில் மூன்றாவது நாயில் வந்துவிடும். நாய்க்குத்தான் செலவழித்தேன் என்று சொல்லலாம். சொல்வதற்கு நோட்டும் பில்லும் வேண்டும், சொல்லிக்கொண்டிருக்க நேரமும் வேண்டும். அதனால் இதில் தொடர்ந்து இறங்குகிறவர்கள் ஒரு பதிவுபெற்ற ட்ரஸ்டோடு சேர்ந்துகொள்வது நல்லது. ட்ரஸ்ட் என்றதும் நாயை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1959-லிருந்து இருக்கிற சென்னை புளூ கிராஸில் தொடங்கி நேற்று ஆரம்பித்த ஷெல்ட்டர் வரை எல்லா இடத்திலும் பார்த்துக்கொள்கிறவர்களைவிட நாயை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். "நாய் என் பொறுப்பு, பணம் மட்டும் உங்கள் கணக்கு வழியாக வரட்டும், பில்லை நீங்கள் நேராகக் கிளினிக்குக்குக் கட்டுங்கள்" என்று ட்ரஸ்டிடம் கேளுங்கள். ஒத்துக்கொள்கிற ட்ரஸ்டுகள் உண்டு. பெரிய தொகை தருகிறவர் நன்கொடைக்கு வரிச்சலுகை வாங்கும் ரசீது (80ஜி என்பார்கள்) கேட்பார், அதை அந்த அங்கீகாரம் உள்ள ட்ரஸ்ட் மாதிரி அமைப்பு மட்டும்தான் தர முடியும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை, 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மார்ச் மாதம் சண்டை வராது.

சிங்கப்பூர் சித்தப்பா, கனடா நண்பன் என்று பட்டியலில் ஆட்கள் இருப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. பாஸ்போர்ட் மாறிவிட்டவர் நம் ஊர்க்காரரே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவர் பணத்தை இந்த மாதிரிப் பொதுக்காரியத்துக்கு வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு உள்ள அமைப்பால்தான் முடியும். நீங்களாக வாங்காதீர்கள்.

இணையத்தில் பணம் திரட்டித் தரும் மிலாப், கெட்டோ மாதிரித் தளங்களில் விலங்குகளுக்கும் கேட்கலாம். லட்சக்கணக்கில் வேண்டும், தெரிந்தவர் வட்டம் தீர்ந்துவிட்டது என்றால் போகலாம். கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று படித்துவிட்டுப் போங்கள். 19,800-க்கு அது தேவையில்லை, வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு அந்தப் பணம் வந்து சேராமலும் போகலாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்), விலங்கு நல வாரிய மானியம், தமிழக அரசின் வள்ளலார் பல்லுயிர்க் காப்பகத் திட்டம் எல்லாம் அமைப்புகளுக்கானவை, ஒற்றை நாய்க்கு அந்தக் கதவுகளைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், ஆனால் அது முக்கியமாக ஆடுமாடுகளுக்கு. கூட ஒரு முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மறப்பது ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் ஆறு வாரம். உங்கள் நாய்க்கு இடுப்பும் உடைந்திருப்பதால் கூண்டு ஓய்வு கட்டாயம். நான் கடைசியாகக் கட்டிய போர்டிங் நாளைக்கு 300. 42 நாளுக்கு 12,600. ஆபரேஷன் செலவில் பாதிக்கும் மேல்! இதை முதல் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் மூன்றாவது வாரம் நீங்கள் மறுபடி கையேந்த வேண்டிவரும், அந்த இரண்டாவது முறைதான் ஆட்களுக்குச் சலிப்பு வருவது. வீட்டில் நான்கடிக்கு மூன்றடி இடமும் இரண்டு வேளை சுத்தம் செய்ய ஆளும் இருக்கிற ஒருவரை இப்போதே தேடுங்கள். இப்படித் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களை ஃபாஸ்டர் என்போம், எனக்குக் கிடைத்த நல்ல ஃபாஸ்டர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட அம்மாக்கள்.

கிளினிக்கில் கடன் சொல்லாதீர்கள். ஒரு டாக்டர் எனக்கு ஒரு நோட்டைக் காட்டினார், ரெஸ்க்யூ செய்கிறவர்கள் "நாளைக்குக் கட்டிடறேன் டாக்டர்" என்று போய்விட்ட பாக்கிகள். பக்கம் பக்கமாக இருந்தது. அவரும் கடைக்கு வாடகை கட்டுகிறவர்தான். இப்போது அங்கே தெருநாய் என்றால் முன்பணம் கேட்கிறார்கள் என்று திட்டுகிறவர்கள் அந்த நோட்டைப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதக் கை வரவில்லை என்றாலும். ஆபரேஷனுக்கு முன் செய்யும் பரிசோதனையில் தண்டுவடம் அறுந்திருக்கிறது, பின்பக்கம் வலியுணர்வே இல்லை, சிறுநீர் தானாகப் போகாது என்று தெரியவரலாம். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சக்கர வண்டி வைத்து வருடக்கணக்கில் வாழும் நாய்கள் உண்டு. ஆள் இல்லாமல், புண் வைத்து, வலியில் கிடக்கப்போகிறது என்றால் டாக்டர் வேறு யோசனை சொல்வார். அப்போது "99 பேர் பணம் கொடுத்திருக்கிறார்களே" என்ற நினைப்பு உங்கள் கழுத்தைப் பிடிக்கும். பணம் வாங்கிவிட்டோம் என்பதற்காக ஒரு நாயை இழுத்துப்பிடித்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஒருமுறை செய்துமிருக்கிறேன். கொடுத்தவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் "சரிம்மா, கஷ்டப்படாம போகட்டும்" என்றுதான் சொல்வார்கள்.

இன்று செய்ய வேண்டியது: சாயங்காலத்துக்குள் அந்த எஸ்டிமேட்டைத் தாளில் வாங்குங்கள், எக்ஸ்ரேயைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரத்தநாட்டுக்குப் போன் செய்து கேளுங்கள். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி முதல் வரியில் உங்கள் 3,000-த்தை எழுதுங்கள், அடுத்து அந்த 1,200-ஐ யார் யார் போட்டது என்று. பால்பண்ணைக்குப் போய் அதன் பெயரை விசாரியுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஊசி போட்டாயிற்றா என்று எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள் தம்பி.